நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு

ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

குருவம்மாள் இந்தத் தொகையை ஒரு துண்டுத் தாளில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, நாலாய் மடித்து, பாஸ்புக்குக்குள் வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுதப் படித்தவள். ‘பதினைந்தாயிரம்’ என்று எழுதி முடிப்பதற்குள் இரண்டு தாள் கிழிந்தது. பகலெல்லாம் சாந்துச் சட்டி தூக்கிய கைக்குப் பேனா கனம் பிடிபடுவதில்லை.

தம்பி இசக்கிமணிக்கு அரசாங்கம் மாதாமாதம் போட்ட உதவித்தொகை அது. ஆயிரத்து ஐந்நூறாக முப்பத்தேழு மாதம், இரண்டாயிரமாக முப்பது மாதம். இசக்கிமணிக்கு வயது முப்பத்து நாலு. ஆள் வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை என்று அச்சன்புதூரில் சொல்வார்கள். குருவம்மாள் அப்படிச் சொல்ல மாட்டாள். “அவனுக்கு நிதானம் ஜாஸ்தி” என்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மனு எழுதிப் போட்டது அண்ணன் லிங்கேஸ்வரன். “மனுவத் தள்ளிட்டானுவட்டி” என்று வந்து சொன்னதும் அவன்தான். அவள் நம்பினாள். தம்பிக்கு வலிப்பு மாத்திரை வாங்கக் காதில் கிடந்த தோட்டை விற்றாள். இப்போது காதில் ஈர்க்குச்சி. அந்த மாத்திரைக்கு எண்ணூறு ரூபாய் கேட்டுப் போன அன்று, “கையில சல்லிக்காசு இல்லட்டி” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டியவன் அண்ணன்.

போன வாரம் தம்பி பேரில் இருந்த பாஸ்புக்கை பேங்க்கில் கொடுத்து வரவு செலவு அச்சடித்து வாங்கிய பிறகுதான் பணம் வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. நேரே அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

அவன் அசையவில்லை. “ஏ.டி.எம். கார்டு என் கைக்கே வரலட்டி. தபால்லயே எவனோ அடிச்சிருக்கான்” என்றான். தெரு கூடியதும் பிள்ளையார் கோவில் முன்னால் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினான். சூடம் அணைத்தவனைத் தெரு நம்பிவிட்டது. “கூடப் பொறந்தவனையே சந்தேகப்படுதாளே” என்று குருவம்மாளைத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சூடத்தின் புகை இன்னும் அவள் தொண்டைக்குள்ளே நின்றது. பணம் வரட்டும், வராமல் போகட்டும். அவன் ஊர் பார்க்கத் தலை குனிய வேண்டும். ஒரே ஒரு தடவை, நன்றாக.

அன்று ஜூலை மாத இரண்டாம் சனிக்கிழமை.

இசக்கிமணி விடிந்ததும் குளித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, ரெண்டாஞ் சனி. புரோட்டா.”

“இன்னிக்கு அண்ணன் வராதுலே. நம்ம வாசிக்கப் போறோம்லா, குத்தாலத்துக்கு.”

“வாசிச்சிட்டு?”

“வாசிச்சிட்டுப் பாப்போம்.”

மாதத்துக்கு ஒரு நாள், இரண்டாம் சனிக்கிழமை, லிங்கேஸ்வரன் பைக்கில் வந்து தம்பியை ஏற்றிக்கொண்டு போவான். குற்றாலம் பக்கம் எங்கேயோ புரோட்டா வாங்கிக் கொடுத்து இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவான். எத்தனை ஆத்திரத்திலும் குருவம்மாள் அந்த ஒன்றை மட்டும் அவன் பேரில் நல்ல கணக்காக வைத்திருந்தாள். வருஷக்கணக்கில் தவறாமல் செய்கிறானே.

இசக்கிமணி வாசிக்கிற இசைக்குழு என்றால் ஒலிபெருக்கி லாரி, பட்டுச் சட்டை என்று நினைத்துவிட வேண்டாம். தென்காசியில் ஜோதிலட்சுமி டீச்சர் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சனி ஞாயிறில் கூடுகிற பதினொரு பேர். எல்லாரும் இசக்கிமணி மாதிரி வளர்ந்த ஆட்கள். இருபத்திரண்டு வயதிலிருந்து ஐம்பது வரை. ஜால்ரா, கஞ்சிரா, சலங்கை, எவர்சில்வர் தட்டு. இசக்கிமணிக்குக் காலியான இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். அதை மடியில் கவிழ்த்து வைத்து அவன் விரலால் அடித்தால் வயிற்றுக்குள் கேட்கும்.

ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு ஆள் உட்கார வேண்டும். அதுதான் குருவம்மாள் மாதிரி சும்மா உதவிக்கு வருகிறவர்களின் வேலை. வாசிக்க வேண்டாம், பாட வேண்டாம். முறை வரும்போது கண்ணைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு நாள் செங்கல் தூக்கிவிட்டு ஏழாம் நாள் அங்கே போய் உட்காருவது அவளுக்கு உடம்புக்கு மருந்து போட்டதுபோல இருந்தது.

தாளம் சொல்லிக் கொடுப்பதில் டீச்சருக்கு ஒரு வழி உண்டு. தகதிமி எல்லாம் கிடையாது. “ஒனக்குத் தெரிஞ்ச நம்பரைச் சொல்லு” என்பார். ஒருத்தனுக்கு அவன் ஏறுகிற பஸ் நம்பர். ஜால்ரா அடிக்கிற அஃப்ஷானுக்கு வீட்டுக் கதவு இலக்கம், மூணு ஒண்ணு ஆறு. மூன்று அடி, ஒரு அடி, ஆறு அடி. அதுதான் அவள் தாளம்.

இசக்கிமணி முதல் நாளே சொன்ன நம்பர், நாலு ஏழு ரெண்டு ஒண்ணு. அது எந்த நம்பர் என்று யாருக்கும் தெரியாது. அவனும் சொல்லத் தெரியாமல் சிரிப்பான். அடித்து முடித்ததும் பத்து விரலாலும் கேனை உருட்டி ‘துர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் எழுப்புவான். பிறகு வலது கையை மல்லாத்தி நீட்டுவான். எதிரே இருக்கும் குருவம்மாள் அதில் ஒரு கடலைமிட்டாய் வைப்பாள். வைத்ததும் பதினொரு பேரும் சேர்ந்து ஒரே அடி. எல்லாருக்கும் பிடித்த இடம் அதுதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. யார் முறை முடியாவிட்டாலும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒருத்தரை விட்டுவிட்டு மேலே போகக் கூடாது. இந்தச் சட்டத்தை டீச்சரை விடக் கறாராகக் காப்பது அஃப்ஷான்.

அன்றைக்குக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நண்பர்கள் சங்கத்து ஆண்டு விழா. மத்தியானச் சாப்பாட்டுச் செலவும், இசைக்குழுவுக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடையும் ‘வள்ளல்’ லிங்கேஸ்வரன் உபயம். வார்டு தேர்தலில் நிற்க ஆசை அவனுக்கு. மண்டபத்து வாசலில் அவன் படம் போட்ட பிளக்ஸ், சாரலில் நனைந்துகொண்டு நின்றது.

வேன் குற்றாலத்துக்குள் நுழைந்ததும் டீச்சர் நிறுத்தச் சொன்னார். வேன்காரருக்குக் கொடுக்க ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க வேண்டும்.

“குருவு, நீயும் வா. கண்ணாடி போடாம எனக்கு எழுத்து தெரியாது. இப்ப நீதானே படிச்ச பிள்ள.”

குருவம்மாள் இறங்கினாள். பின்னாலேயே இசக்கிமணியும் குதித்தான். அவன் முகம் மலர்ந்துபோயிருந்தது. தெரிந்த வீட்டுக்குள் போவதுபோல முந்திக்கொண்டு உள்ளே போனான்.

டீச்சர் கார்டைச் செருகினார். ரகசிய எண் கேட்டது. அவர் கைப்பையில் எண் எழுதிய சீட்டைத் துழாவும் நேரத்துக்குள் இசக்கிமணி கையை நீட்டி விட்டான். டக், டக், டக், டக். பிசகாத நாலு அமுக்கல். பிறகு வாயால், “துர்ர்ர்ர்ர்...” என்றான். பணம் வரும் வாய்க்குக் கீழே கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு காத்து நின்றான்.

மெஷின் ‘தவறான எண்’ என்று காட்டியது.

“ரூவா வரலக்கா” என்றான் வருத்தமாக. “அண்ணன் இல்லல்லா, அதான் வரல.”

குருவம்மாள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“எந்த அண்ணன்லே?”

“நம்ம அண்ணன். தொப்பி போட்டிருக்கும்.” இரண்டு கையாலும் தலையில் ஹெல்மெட் மாட்டிக் காட்டினான். “அண்ணன் கார்டு சொருவும். நான் அமுக்குவேன். நாலு ஏழு ரெண்டு ஒண்ணு. துர்ர்ர்னு வரும். நாலு நோட்டு. எடுத்து அண்ணன் சட்டப்பையில வைப்பேன். பொறவு புரோட்டா.”

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர்தான் ஆறு மாதமாக அந்தத் தாளத்தைப் பக்குவம் பண்ணிக் கொடுத்தவர்.

“பாஸ்புக்க எடு குருவு.”

மஞ்சப் பையிலிருந்து பாஸ்புக் வந்தது. டீச்சர் போனில் காலண்டரைத் திறந்தார். குருவம்மாள் விரல் வைத்து வாசித்தாள். ஜூன் பதினாலு. சனி. மே பத்து. சனி. ஏப்ரல் பன்னிரண்டு. சனி. ஊரடங்கு நேரத்தில் ஒன்றிரண்டு தள்ளிப்போயிருந்ததைத் தவிர எல்லாம் இரண்டாம் சனிக்கிழமை.

கேமராவில் விழுந்திருக்கும் முகம் இசக்கிமணியுடையது. பணம் எடுத்த கை இசக்கிமணியுடையது. கேட்டால், “அவன்தானே எடுத்திருக்கான்” என்று சொல்லிவிடலாம். பறிகொடுத்தவனையே திருடனாக்கி, அதற்குக் கூலியாக இரண்டு புரோட்டா.

அந்த ஒரு நல்ல கணக்கும் போயிற்று.

“டீச்சர், இன்னிக்கு அவன...”

“வேண்டாம் குருவு.” டீச்சர் அவள் கையைப் பிடித்தார். “திங்கக்கிழம பேங்க்ல எழுதிக் குடுப்போம். போலீசுக்கும் போவோம், நான் வாரேன். ஆனா மேடையில வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு இதுதான் மொத மேடை. அவங்க நாளு. உன் பழிய அதுல எறக்கி வைக்காத.”

குருவம்மாள் வெளியே சாரலைப் பார்த்தாள்.

“மேடையில நான் வாயத் தொறக்க மாட்டேன் டீச்சர். சத்தியமா.”

சூடம் இல்லாமல் சொன்னாள்.

மண்டபத்து வாசலில் லிங்கேஸ்வரன் வெள்ளை வேட்டி சட்டையில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஸ்ரீதேவி பட்டுப்புடவையில். குருவம்மாளைக் கண்டதும் அவன் சிரிப்பை மாற்றாமலே ஓரமாக வந்தான்.

“ஏட்டி, மேடையில ஏறி ஏதாவது ஒளறுனே, நீ குடியிருக்க வீடு என் பேர்ல இருக்கு. ஞாபகம் வச்சிக்கோ. அக்காளும் தம்பியும் பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும்.”

“நான் என்னத்தண்ணே ஒளறப் போறேன். நான் சும்மா எதுத்தாப்புல உக்காருதவ.”

“அந்த நெனப்புல இரு.” திரும்பித் தம்பியின் கன்னத்தைத் தட்டினான். “என்னலே, நல்லா வாசிப்பியா?”

“ரெண்டாஞ் சனிண்ணே!” என்றான் இசக்கிமணி.

லிங்கேஸ்வரன் கை கன்னத்திலேயே ஒரு நொடி நின்றது. பிறகு யாரையோ கும்பிடப் போய்விட்டான்.

விழா தொடங்கியது. லிங்கேஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, “இந்தக் குழந்தைகளப் பாக்கும்போது எனக்குக் கண்ணு கலங்குது. தெய்வக் குழந்தைங்க. என் கூடப் பிறந்தவனே அதுல ஒருத்தன். அவனுக்கு நான் அண்ணன் இல்ல, அப்பன்” என்றான்.

“நான் கொழந்த இல்ல” என்றாள் அஃப்ஷான் மேடை ஓரத்திலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி. “எனக்கு இருபத்தொம்பது வயசு.”

கூட்டம் சிரித்தது. லிங்கேஸ்வரனும் சிரித்து, முதல் வரிசை நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

பதினொரு பேரும் மேடையில் அரைவட்டமாக அமர்ந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் இசக்கிமணியின் சட்டையில் ஒரு சின்ன மைக்கைச் செருகினார். கேன் அடிக்க இரண்டு கையும் வேண்டும் அல்லவா.

எதிரே உட்காருகிறவர்களின் முக்காலிகள் கூட்டத்துக்கு முதுகு காட்டி வரிசையாக இருந்தன. குருவம்மாள் தன் முக்காலியை எடுத்தாள். இரண்டு அடி இடது பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் செய்தது அவ்வளவுதான். இப்போது இசக்கிமணிக்கு நேர் எதிரே, மேடைப்படிக்குக் கீழே, முதல் வரிசை நடு நாற்காலி.

டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. அதற்குள் அஃப்ஷானின் ஜால்ரா விழுந்துவிட்டது. மூணு, ஒண்ணு, ஆறு.

ஒவ்வொரு நம்பராக ஏறி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் செங்கல் கட்டு உயர்வதுபோலத் தாளம் உயர்ந்தது. கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்தது. பஸ் நம்பர்க்காரன் தப்பாமல் அடித்தான். சலங்கைக்காரி கண்ணை மூடிக்கொண்டே குலுக்கினாள். பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. இசக்கிமணி முறை.

குருவம்மாள் கையைத் தூக்கினாள்.

“நாலு!” என்று சொல்லி நாலு அடித்தான். மைக்கில் மண்டபம் அதிர்ந்தது. “ஏழு! ரெண்டு! ஒண்ணு!”

லிங்கேஸ்வரனின் முகத்திலிருந்து சிரிப்பு ஒழுகிப்போனதைக் குருவம்மாள் தலையை லேசாகத் திருப்பிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறு வருஷம் சுமந்த சுமையை இறக்கி வைக்கிற சுகம் அதில் இருந்தது.

துர்ர்ர்ர்ர். கேன் உருண்டது. வலது கை மல்லாந்து நீண்டது.

குருவம்மாள் கடலைமிட்டாயை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். தலையை மட்டும் முதல் வரிசைப் பக்கம் அசைத்தாள்.

இசக்கிமணி அக்காளைப் பார்த்தான். அவள் பார்த்த திசையைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பாகி எழுந்தான். கேனைக் கீழே வைத்து, படி இறங்கி, அண்ணன் முன்னால் போய் நின்று கையை நீட்டினான்.

கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று கைதட்டியது. “வள்ளலே, போடுங்க!” என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

லிங்கேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். பர்ஸை எடுத்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தான். மறுபடி கைதட்டல்.

“ஒண்ணு” என்றான் இசக்கிமணி, மைக்கில். கையை எடுக்கவில்லை.

“போதும்லே, போய் வாசி.”

“நாலு வரும்.”

“போலேன்னா...”

மேடையிலிருந்து அஃப்ஷான் சத்தம் போட்டாள். “அவன் முடிக்கல! நாங்க அடிக்க மாட்டோம்!” பத்துப் பேரும் கையைத் தூக்கி வைத்தபடி காத்திருந்தார்கள். சட்டம் சட்டம்தானே. மண்டபம் முழுக்க லிங்கேஸ்வரனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது நோட்டு வந்தது. மூன்றாவது வந்தது. நாலாவதற்குப் பர்ஸின் உள் மடிப்பைத் திறக்க வேண்டியிருந்தது.

“ஏ, என் கார்டு!”

இசக்கிமணி வெடுக்கென்று அதை உருவினான். நீலக் கார்டு. ஒரு மூலையில் பல் பட்ட தடம். சும்மா இருக்கும்போது அவன் கடித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சங்கத் தலைவருக்குக் காட்டினான். “இது எனக்கு. அண்ணன் வச்சிருக்கும்.”

தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். வாசித்தது மைக்கில் விழுந்தது. “இசக்கிமணி... ஆமா, இவன் பேருதான் போட்டிருக்கு.”

அச்சன்புதூரிலிருந்து வந்திருந்தவர்கள் மூன்று வரிசையில் இருந்தார்கள். போன வாரம் சூடம் அணைத்ததைப் பார்த்தவர்கள்.

இசக்கிமணி எதையும் கவனிக்கவில்லை. நாலாவது நோட்டைத் தானே பர்ஸிலிருந்து எடுத்தான். நாலையும் சேர்த்து அடுக்கி, பொன்னாடையை ஒதுக்கி, அண்ணன் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினான். மாதாமாதம் செய்கிற மாதிரியே.

“இந்தாண்ணே. ஒனக்கு. பூரா வந்துட்டு. புரோட்டாவுக்குப் போவமா?”

சங்கத் தலைவர் தன் நாற்காலியை லிங்கேஸ்வரனை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“முடிச்சிட்டான்” என்றாள் அஃப்ஷான். ஜால்ராவைத் தூக்கினாள். மேடையில் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே அடி அடித்தார்கள்.

யாரும் கைதட்டவில்லை.

சமையல்கட்டுப் பக்கம், இலைக்கட்டுகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் நாலு பேர் நின்றார்கள். லிங்கேஸ்வரன், ஸ்ரீதேவி, டீச்சர், குருவம்மாள்.

டீச்சர் முதலில் குருவம்மாளிடம்தான் பேசினார். “வாயத் தொறக்க மாட்டேன்னே.”

“தொறக்கல டீச்சர்.”

“ஆமா, தொறக்கல. அந்த அப்பாவியக் கம்பா எடுத்து அடிச்சே. உன் அண்ணன் அவன் கைய வச்சுப் பணம் எடுத்தான். நீ அவன் கைய வச்சுப் பழி எடுத்தே.”

குருவம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வலியோடு நிற்க இப்போது நேரமில்லை.

“அத பொறவு வாங்கிக்கிடுதேன் டீச்சர், நீங்க குடுக்க அடிய. இப்ப வரவேண்டியது வரட்டும்.”

பாஸ்புக்கைத் திறந்து துண்டுத் தாளை எடுத்தாள். பிரித்தாள். எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தாள்.

“ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு. இப்ப. இங்கன. இல்லாட்டி வெளிய தலைவரு மைக்க எனக்குத் தாரேன்னு சொல்லுதாரு.”

“குடும்ப விசயத்த...” என்று தொடங்கினான் லிங்கேஸ்வரன்.

“மாத்திரைக்கு எண்ணூறு கேட்டு வந்தேனே, அன்னிக்கு இது குடும்ப விசயம் இல்லியாண்ணே? கைய விரிச்சுக் காமிச்சேல்லா? அந்தக் கையாலதான சூடமும் அணைச்சே?”

அவன் போனை எடுத்தான். டீச்சர் குருவம்மாளின் நூறுநாள் வேலைக் கூலி வருகிற பேங்க் கணக்கு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு தடவை தப்பாக அடித்தான். குருவம்மாளின் பட்டன் போன் கிணுங்கியது. அவள் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சைபரை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐந்து.

“ஒரு லட்சம் வந்துட்டு. மீதி?”

“ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல போவாது. மீதிய அப்புறம்...”

“நான் அனுப்புதேன்.”

சொன்னது, அதுவரை இலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஸ்ரீதேவி. அவள் போனைத் தட்டும்போது வளையல் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டது. அடுத்த நிமிஷம் மறுபடி கிணுங்கியது. பதினைந்தாயிரத்து ஐந்நூறு.

“குருவு,” என்றாள் ஸ்ரீதேவி, கணவனைப் பார்க்காமலே. “இந்த ஆறு வருசத்துல ஒரு பைசா எங்க வீட்டுக்குள்ள வரல. அது எங்க போச்சுன்னு எனக்கும் தெரியணும்.”

“மதினி, அது நீங்க கேக்க வேண்டிய கணக்கு. என் கணக்கு முடிஞ்சிட்டு.” குருவம்மாள் துண்டுத் தாளைக் கிழித்தாள். சின்னச் சின்னதாக. எச்சில் இலைக் கூடையில் போட்டாள்.

லிங்கேஸ்வரனுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. பொன்னாடையை உருவி எறிந்தான்.

“எல்லாம் வாங்கிட்டேல்லா? நாளைக்கே வீட்டக் காலி பண்ணு. அது என் பேர்ல இருக்கு!”

குருவம்மாள் வாசலில் நின்று திரும்பினாள்.

“பத்திரத்த எடுத்துட்டு வாண்ணே. எனக்கு இப்ப வாசிக்கத் தெரியும்.”

அவன் குனிந்து பொன்னாடையை எடுத்தான். ‘கொண்டுவாரேன்’ என்று அவன் சொல்லாததை அவள் கவனித்துக்கொண்டாள்.

வேன் தென்காசிக்குத் திரும்பும் வழியில் அக்காளும் தம்பியும் மட்டும் இறங்கிக்கொண்டார்கள். டீச்சர் ஜன்னல் வழியாக, “நாளைக்கு வருவேல்லா?” என்று கேட்டார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கேட்டார்.

“வருவேன் டீச்சர். முக்காலிய அதே எடத்துல போட்டுக்கிடுதேன்.”

புரோட்டாக் கடையில் தோசைக்கல் ஓசை. இசக்கிமணிக்குப் பழகின கடைதான். ஜன்னல் ஓரத்து மேசையை அவனே காட்டினான். வாழையிலையில் இரண்டு புரோட்டா வந்தது. சால்னாவை ஊற்றி, பிய்த்து, நன்றாகத் தின்றான். ஒன்றரை ஆனதும் நிறுத்தினான். மீதிப் பாதியை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கி, எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தான்.

“யாருக்குலே?”

“அண்ணனுக்கு. எப்பவும் வைப்பேன்.”

குருவம்மாள் அந்தப் பாதிப் புரோட்டாவைப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்தது. இசக்கிமணி ரோட்டில் போகிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஹெல்மெட்டையும்.

“அண்ணன் அடுத்த ரெண்டாஞ் சனிக்கு வரும்லாக்கா?”

அவள் இலையைத் தன் பக்கம் இழுத்தாள். பாதியை எடுத்து, மிச்சமிருந்த சால்னாவில் முக்கி, வாயில் வைத்தாள். காரம் மூக்கில் ஏறியது. நிறுத்தாமல் மென்றாள். தம்பி அவள் வாயையே பார்த்தான்.

“அண்ணனோடதுக்கா அது.”

கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“அண்ணன் பங்கு முடிஞ்சிட்டுலே” என்றாள் குருவம்மாள். “எந்திரி, கைய கழுவு.”